வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரர் பூட்டுக்காரர். ஊரில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சாவியைத் தொலைத்தவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் நிற்கிறவர்கள், கைக்குழந்தையை உள்ளே வைத்து இழுத்துப் பூட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள், எல்லோரும் "பூட்டுக்காரரே, ஓடி வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் ஓடுவார். காலில் செருப்பு இருக்கிறதோ இல்லையோ, தோளில் பை இருக்கும்.

எங்கேயாவது விருந்துக்குப் போனால் மானத்தை வாங்குவார். போன வீட்டில் நல்லது கெட்டது விசாரிப்பதெல்லாம் கிடையாது. முதலில் கதவை ஆட்டிப் பார்ப்பார். என்னைப் பார்க்க முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, வாசல் பூட்டைப் பார்த்துவிட்டு, "இத ஹேர்பின்னாலயே திறந்துடலாம் சார்" என்றார். என் அப்பாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் இத்தனை வருஷக் கதைக்கும் காரணம்.

வீட்டின் முன்னறைதான் கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேஜைமேல் சாவி வெட்டும் மெஷின். அது கத்துகிற கத்தலில் உள்ளே போன் அடித்தால்கூடக் கேட்காது. கடைக்குப் பின்னால் எங்கள் அறை, சமையலறை, அதற்கும் பின்னால் குளியலறையோடு ஒரு சின்ன அறை. அந்த அறை என் கொழுந்தனுடையது.

கொழுந்தன் என்று சொல்கிறேனே தவிர, என் வயிற்றில் பிறக்கவில்லை, அவ்வளவுதான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அம்மா அப்பா இல்லை. எங்களுக்கும் பிள்ளை பிறக்கவில்லை, இவன் ஒருத்தன் போதும் என்று இருந்துவிட்டோம். வளர்ந்து ஆளாகி ஏசி மெக்கானிக் ஆனான். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் கூட வேலை செய்கிறவர்கள் ஏணி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. "ஏணி, பரண்மேல இருக்கிற அண்டாவ எடுடா" என்றால், "அண்ணி, எனக்கு இந்த வீட்ல சம்பளமும் இல்ல, மரியாதையும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் ஏசி மாட்டும்போது தாங்கி பெயர்ந்து விழுந்தான். முதுகில் ஆபரேஷன். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் மாத்திரை போதும் என்று டாக்டர் நிறுத்திவிட்டார். இவனால் நிறுத்த முடியவில்லை. வேலை செய்த இடத்தில் எவனோ ஒரு நல்லவன் அதே மாத்திரையை வெளியில் வாங்கிக் கொடுத்தான். மாத்திரை பவுடர் ஆயிற்று, பவுடர் ஊசி ஆயிற்று. சினிமாவில் காட்டுவதுபோல் வீட்டுச் சாமானை விற்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். நான் சட்டையைத் துவைக்கிறவள், அதன் கையில் ரத்தப் பொட்டைப் பார்த்துவிட்டு ஏதோ ஆணி கிழித்திருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தெரிந்த பிறகு வீட்டில் நடந்ததை எல்லாம் விவரிக்க எனக்கு வாய் வரவில்லை. கத்தினோம், அழுதோம், கெஞ்சினோம். அவனும் அழுதான். மூன்று தடவை விட்டான், மூன்று தடவையும் திரும்பப் போனான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். "ஊரெல்லாம் தெரிஞ்சுடும், நாளைக்கு அவன எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றார் இவர். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. எனக்கும் ஊர் வாய்க்குப் பயம்.

ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒரு நாள் காலையில், "எனக்குத் தெரிஞ்சது பூட்டுதான். நான் அதத்தான் செய்ய முடியும்" என்றார்.

அந்தக் கதவைச் செய்ய நான்கு நாள் எடுத்துக்கொண்டார். பழைய கதவைக் கழற்றிவிட்டுக் கனமான பலகையில் புதிது போட்டார். உள்பக்கம் கைப்பிடியே கிடையாது. வெளிப்பக்கம் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று தாழ்ப்பாள். கீழே தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு சின்னத் திறப்பு, அதற்கும் தனியாக ஒரு கொண்டி. அந்தத் திறப்பின் விளிம்பை உப்புத்தாள் வைத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தார். "கைய வெளிய நீட்டினான்னா கிழிச்சிடக் கூடாது" என்றார். ஏணி கேட்டதற்குக் கரையான் அரித்துவிட்டது, கதவு மாற்றுகிறேன் என்றார். அவனும் பலகையைத் தூக்கிப் பிடித்து உதவி செய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாத்ரூம்ல தண்ணி ஒழுகுது, என்னன்னு பாருடா" என்று அவனை உள்ளே அனுப்பினார். அனுப்பிவிட்டு மூன்று தாழ்ப்பாளையும் போட்டார்.

முதல் ஐந்து நாள் நரகம். வாந்தி, பேதி, நடுக்கம், கதவில் முட்டுகிற சத்தம். என்னைக் கூப்பிட்டுக் கெஞ்சுவான், அண்ணனைக் கூப்பிட்டு ஏசுவான். இவர் கடையை மூடிவிட்டுக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கோடா, இன்னும் ரெண்டே நாள்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் திறப்பு வழியாகத் தட்டு காலியாக வந்தது. பத்தாம் நாள், "அண்ணி, உப்பு ஜாஸ்தி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் சமையலறையில் நின்றுகொண்டு வாயைப் பொத்தி அழுதேன். உப்பு குறை சொல்கிற அளவுக்குப் பிள்ளை தேறிவிட்டான் என்று அப்படி ஒரு சந்தோஷம்.

ஊருக்குத் தெரியக் கூடாது என்றவர்தான், பன்னிரண்டாம் நாள் தானே கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். பெருமை தாங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும், "பெத்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்யா" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த வாரத்திலேயே இரண்டு பேர் தேடி வந்தார்கள். ஒருவர் ஸ்கூல் வேன் டிரைவர், அவருடைய மகனுக்காக. இன்னொருத்தி இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருக்கிற அம்மா, அவளுடைய மகளுக்காக. இரண்டு வீட்டுக்கும் இவர் போய் அதே மாதிரி கதவு, அதே மூன்று தாழ்ப்பாள், அதே திறப்பு வைத்து மாட்டிவிட்டு வந்தார். நான்தான் பையில் சாமானை எடுத்து வைத்தேன். எனக்கும் பெருமைதான், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

இருபத்திரண்டு நாள் முடிந்து கதவைத் திறந்தோம். ஏணி இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிவாக இருந்தது. அண்ணனைப் பார்த்து, "கதவு நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றான். முடி வெட்டிக்கொண்டான். இரண்டு தட்டு சாப்பிட்டான். மறுநாள் மத்தியானம், "அண்ணி, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன், போன் ரீசார்ஜ் பண்ணணும்" என்றான். நான் முகத்தைப் பார்த்தேன். சிரித்தான். "நம்ப மாட்டீங்களா?" என்றான். சந்தேகப்பட்டால் மனசு உடைந்துவிடுவானோ என்று அனுப்பினேன்.

முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். தூக்கமாக வருகிறது என்று சொல்லி அந்தப் பின்னறைக்குப் போகாமல் எங்கள் கட்டிலிலேயே படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம். சாதாரணக் குறட்டை இல்லை, தொண்டையில் தண்ணீர் நின்று கொப்பளிப்பதுபோல் விட்டு விட்டு வந்தது. எத்தனை நாள் தூங்காத பிள்ளை, நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தேன். மேலே போர்வையை இழுத்துவிட்டேன். முன்னறைக்குப் போய், "என்னங்க, மெஷினக் கொஞ்சம் நிறுத்துங்க, தம்பி தூங்குறான்" என்றேன். அவர் உடனே நிறுத்தினார். வெட்டிக்கொண்டிருந்த சாவியை அப்படியே வைத்துவிட்டு, சாவி கேட்டு வந்த ஆளிடம் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் டீ குடித்தோம். நடுவில் அந்தக் குறட்டை நின்றது. நின்றதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம்.

நான்கு மணிக்கு எழுப்பப் போனேன். உதடு நீலமாக இருந்தது.

ஆம்புலன்சில் வந்தவள் ஒரு சின்ன வயதுப் பெண். அவளும் கூட வந்தவரும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பிறகு நிறுத்திவிட்டு, இவரிடம் மெதுவாக, "சார், இதுக்கு முன்னாடி கடைசியா எப்போ எடுத்தாரு?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு நாளா தொடவே இல்ல மேடம்" என்றார் இவர். அந்த நேரத்திலும் அவர் குரலில் அந்தப் பெருமை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள். "அதான் சார். அத்தன நாள் இல்லாம இருந்தா உடம்பு அந்தப் பழக்கத்த மறந்துடும். முன்னாடி எடுத்த அதே அளவ இப்ப எடுத்தா தாங்காது. விட்டுட்டு வெளிய வர்ற முதல் வாரந்தான் ரொம்ப ஆபத்து" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "குறட்டை மாதிரி ஏதாவது சத்தம் வந்துச்சாம்மா?" என்றாள். நான் கீழே கிடந்த போர்வையை எடுத்து மடித்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

இவர் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி நின்றார். நான் தோளைத் தொட்டேன். "இன்னும் ரெண்டு வீட்ல மாட்டியிருக்கேனே" என்றார்.

மூன்றாம் நாளே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கூடப் போனேன், இவரைத் தனியாக விட எனக்குத் தைரியம் இல்லை. வேன் டிரைவர் பாவம், இவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே விஷயம் தெரிந்து நடுங்கிக்கொண்டிருந்தார். கதவைக் கழற்றியதும் மகனைத் தன் சொந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது.

பேக்கரிக்காரம்மா அப்படி இல்லை. பேக்கரிக்கு மேல்மாடிதான் அவள் வீடு. அடுப்புச் சூடு மேலே வரைக்கும் அடிக்கும். கையில் ஒட்டிய மாவோடு படியில் நின்றுகொண்டு எங்களை உள்ளே விடவில்லை.

"உங்க தம்பி போனதுக்கு எனக்கும் வருத்தந்தான். அதுக்காக எங்க வீட்டுக் கதவ எதுக்குண்ணே கழட்டணும்?"

"அக்கா, கதவுதான் தப்பு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"எட்டு நாளா பொண்ணு என் கண்ணு முன்னாடி இருக்கு. மூணு வருஷத்துல நான் ராத்திரி தூங்கினது இந்த எட்டு நாள்தான். அதப் புடுங்க வந்திருக்கீங்களா?"

"உள்ள இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா. வெளிய வரும்போது—"

"ஒரு மாசம் முழுசா வச்சிருந்துதான் விடுவேன். நீங்க இருபத்திரண்டு நாள்லயே விட்டுட்டீங்க, அதான் அப்படி ஆயிடுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். இவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான்கு நாளைக்கு முன்னால் வந்து யாராவது எங்களிடம் இதையே சொல்லியிருந்தால் நாங்களும் அப்படித்தான் பேசியிருப்போம் என்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது.

ஒரு காரியத்துக்கு மட்டும் அந்த அம்மா சம்மதித்தாள். மகளோடு பேச விட்டாள். இவர் கதவுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்து, தான் வெட்டிய திறப்புக்குள் முகத்தை வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னார். உள்ளே இருந்தவளுக்கு முன்பு போன் கடையில் வேலை. அம்மா அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க தம்பிக்கு என்ன வயசு அங்கிள்?" என்றாள்.

"இருபத்தெட்டு."

"எனக்கு இருபத்தி நாலு" என்றாள் பாப்பா.

அந்தக் கதவை ஒரு நிமிஷத்தில் திறக்கத் தெரிந்தவர் இவர். அடுத்தவர் வீட்டில் கை வைக்க என்ன உரிமை இருக்கிறது? போலீசுக்குச் சொல்லலாம் என்றேன். பெண்ணைப் பிடித்துக்கொண்டு போய் வேறோர் அறையில் பூட்டுவார்கள், வெளியே விடும்போது அங்கேயும் இதே கதைதான் என்றார். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆம்புலன்ஸ் பெண் சொல்லித்தான் சுகாதார நிலையத்தில் ஒரு மணி நேர வகுப்பு நடப்பது தெரிந்தது. இரண்டு பேரும் போனோம். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், வந்தவர்கள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். ஒரு பொம்மையைப் படுக்க வைத்து நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கத்த வேண்டும், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், அதற்கும் அசையவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும், போதையை முறிக்க மூக்கில் அடிக்கிற மருந்தை அடிக்க வேண்டும், மூச்சு இல்லையென்றால் நாம் ஊதித் தர வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் தனியாக விடக் கூடாது, மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி மூச்சு நின்றுபோகலாம். எல்லாம் சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள், "இந்தச் சத்தத்த குறட்டைன்னு நினைச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க" என்று போனில் ஒரு ஒலியைப் போட்டாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அந்த வகுப்பில் கொடுத்த மருந்து அன்றிலிருந்து இவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கடைச் சுவரில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினார். சாவி வெட்ட வருகிறவர்களை நிறுத்தி வைத்து, உதடு நீலமானால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். சைக்கிள் பூட்டுக்குச் சாவி கேட்டு வந்த பெரியவர் ஒருவர், "யோவ், எனக்கு எதுக்குய்யா இதெல்லாம்?" என்று பாதியில் எழுந்து போனார். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், "சாவி வாங்க வந்தவங்கள சாவப் பத்திப் பேசி விரட்டினா கடை உருப்படுமா?" என்று கத்திவிட்டேன். மறுநாள் நானே அந்த நோட்டீசை இன்னும் நூறு பிரதி எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் தெரு முனையில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

தினமும் பேக்கரிக்குப் போய் பிரெட் வாங்கினார். வீட்டில் பிரெட் குவிந்து, தின்று தின்று எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. வாங்குகிற சாக்கில், "எப்போக்கா திறக்கறீங்க? திறக்கிற அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்பார். ஒரு நாள், வகுப்பில் என் பங்குக்குக் கொடுத்த மருந்தை அவளிடமே கொடுத்து, எப்படி அடிப்பது என்று காட்டினார். அவள் வாங்கி, கேக்குக்குப் போடுகிற கலர் டப்பாக்களுக்கு நடுவில் வைத்தாள். சொல்கிறேன் என்றாள்.

சொல்லவில்லை. திறந்து நான்கு நாள் ஆன பிறகு, ஒரு மத்தியானம் போன் வந்தது. "அண்ணே, பாத்ரூம்ல போய் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, கூப்பிட்டா பேச மாட்டேங்கறா, ஓடி வாங்கண்ணே" என்று அலறினாள்.

ஓடினோம். நான் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஓடும்போதே ஆம்புலன்சுக்குச் சொன்னேன். குளியலறைக் கதவுக்கு முன்னால் அந்த அம்மா கதவை அறைந்துகொண்டிருந்தாள். இவர் கதவுத் தாழ்ப்பாளில் திருப்புளியை வைத்தார். திருப்புளி வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி, விட்டு விட்டு.

"என்னங்க, அதே சத்தம்" என்றேன்.

அவர் திருப்புளியை வீசி எறிந்துவிட்டுக் கதவை எட்டி உதைத்தார். இரண்டாவது உதையில் கதவு உள்ளே விழுந்தது.

பாப்பா சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு ஏணிக்கு இருந்த மாதிரியே இருந்தது. இவர் இழுத்துப் படுக்க வைத்து மூக்கில் மருந்தை அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா தன்னிடம் இருந்த மருந்தைத் தேடிக் கலர் டப்பாக்களை எல்லாம் கீழே தள்ளிக்கொண்டிருக்கிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. நான் பாப்பாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினேன். பொம்மையிடம்கூட நான் பழகியது இல்லை, வெளியே போய்விட்டவள்தானே. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஊது என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை ஊதினேன் என்று தெரியாது. கலர் மாவு அப்பிய கையோடு அந்த அம்மா மருந்தைக் கொண்டுவந்தாள். அதையும் அடித்தார். கொஞ்ச நேரத்தில் பாப்பா ஒரு பெருமூச்சை இழுத்தாள். கண்ணைத் திறந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது, அதே பெண். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், பிறகு வேலையைப் பார்த்தாள்.

பிழைத்துவிட்டாள். அந்த அம்மா என் காலில் விழுந்தாள், நான் பிடித்துத் தூக்கினேன். இவர் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்து, தம்பி போனபோது அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதார். நானும் தடுக்கவில்லை. ஒரு சின்ன மருந்துக் குப்பி அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்திருந்தால் போதும், ஏணி இன்றைக்குப் பரண்மேல் இருக்கிற அண்டாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். இதை எந்தச் சுவரில் ஒட்டுவது?

மறுநாள் ஆஸ்பத்திரியிலேயே வழி சொன்னார்கள். இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே டாக்டர் பார்த்துத் தினமும் மருந்து கொடுப்பார், அதை எடுத்துக்கொண்டு எத்தனையோ பேர் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள் என்றார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. அம்மாவும் மகளும் நாங்களும் நான்கு பேராகப் போனோம். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான், திரையைப் பார்த்துவிட்டுத் தேதி சொன்னார். நாற்பத்தொரு நாள் கழித்து.

"அதுவரைக்கும்?" என்றேன்.

"டாக்டர் ஒருத்தர்தாம்மா. வரிசை அப்படி இருக்கு. நடுவுல யாராவது வரலன்னா கூப்பிடறோம். தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்றார். எனக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல் இருந்தது. யாரைப் போய்த் திட்டுவது? எங்களுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன். பேக்கரிக்காரம்மாதான். "அண்ணே, அந்தக் கதவுத் தாழ்ப்பாள மறுபடி ஒரு தடவ பாத்துக் குடுத்துட்டுப் போங்க. நடுவுல இருக்கிறது ஆடுது."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் பிடுங்கினேன். "அக்கா, உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? கண்ணால பாத்தீங்களே! வாயில மூச்ச ஊதிக் குடுத்தவ நான், எங்கிட்டயே தாழ்ப்பாள் கேக்கறீங்களா?"

"நான் கேக்கல தங்கச்சி. அவதான் கேக்கறா" என்றாள்.

போனைப் பாப்பா வாங்கினாள். "அங்கிள், பூட்டிடுங்க அங்கிள். நான் போயிடுவேன். எனக்கே தெரியுது, போயிடுவேன். அம்மா கீழ பேக்கரிய பாக்கணும். தேதி வர்ற வரைக்கும் பூட்டிடுங்க. தேதி அன்னிக்கு நேரா அங்க கூட்டிட்டுப் போங்க."

இவர் என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாக யார் என்ன பூட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் ஏதாவது ஒரு வழி சொல்கிற வாய், திறந்தபடியே இருந்தது. ஒரு நாள் பூட்டினாலும் உடம்பு மறக்கத் தொடங்கும், பூட்டாவிட்டால் இன்றைக்கே போவாள், நாற்பத்தொரு நாளில் இரண்டுதான் கழிந்திருக்கிறது.

"பூட்ட மாட்டேம்மா" என்றார் கடைசியில். "நான் வந்து உக்காந்துக்கறேன். கதவு தொறந்தே இருக்கட்டும்."

"எத்தன நாள் உக்காருவீங்க?"

"தேதி வரைக்கும்."

"நான் எழுந்து போனா?"

"நானும் கூட வருவேன்" என்றார்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று போனில் தெரியவில்லை. இவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, பையை எடுக்காமல் போனார்.

இன்று பதினோராவது நாள். காலையில் அவர் உட்காருகிறார், மத்தியானம் நான், சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு அவள் அம்மா. ஆறாம் நாள் பாப்பா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். இவர் பின்னாலேயே நடந்தார், நான்கு தெரு வரைக்கும், சட்டைப் பையைக் கையால் பிடித்துக்கொண்டு. அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது மத்தியானம் ஒரு மணி, என் முறை. உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாள்போல் இருக்கிறது. இந்த அரை மணி நேரத்தில் நான் நான்கு தடவை உள்ளே போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டேன். ஐந்தாவது தடவைக்கு எழுந்து போகிறேன்.